நாலில் ஒன்று கறுப்பு

பின்னால் யாருமே இல்லை,
ஆனாலும் கத்துகிறது என்றார் முனிரத்தினம்.
ரிவர்ஸ் போட்டால் போதும், விடாமல் ஒரே கத்தல்.
மாங்கூழ் பேக்டரியில் எடைமேடை பார்க்கிறவர்.
லாரி திரும்பும்போதே டன் சொல்லிவிடுவாராம்.
இந்தக் கத்தலுக்கு மட்டும்
எடை பிடிபடவில்லை.

கிருஷ்ணகிரியில், ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் என் கடை.
மேலே பெங்களூர் வண்டிகள் போகும்போதெல்லாம்
ஸ்பேனர் தட்டு தானாகக் கிலுகிலுக்கும்.
எனக்கு இடது காது கேட்காது.
வலதும் பாதிதான்.
அதனால் அவரையே குத்தவைக்கச் சொன்னேன்.

சாவியைத் திருப்பி, என்ஜின் போடாமல்,
ரிவர்ஸில் தள்ளிவிட்டு உள்ளே இருந்தான் தஸ்தகீர்.
சலவைச் சட்டையோடு அவர்
சொந்தக் காரின் பம்பரில் காது வைத்தார்.
பால்வண்டிக்காரர் ஒருவர்
வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் கண்: டிக் டிக் டிக். பல்லி மாதிரி, என்றார்.
இரண்டாவதும் பல்லி.
நாலாவதும்.
மூன்றாவதில் நெடுநேரம் இருந்தார்,
கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ நிற்பதுபோல.
ஒண்ணுமில்லை, என்றார்.

ஒண்ணுமில்லை என்பதை நான் லேசில் நம்புவதில்லை.
ஒயர் நசுங்கியிருக்கலாம், ப்ளக்கில் பச்சை பூத்திருக்கலாம்,
எலிக்குப் பசித்திருக்கலாம்.
மீட்டர் வைத்தேன். வோல்ட் வந்தது.
பம்பரைக் கழற்றி
இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றி மாட்டினேன்.
ஊமைத்தனம்
மூட்டைமுடிச்சோடு இரண்டாம் ஓட்டைக்குக் குடிபோனது.
ஒயர் மேல் பழியில்லை.

நகத்தால் சுரண்டினேன். பெயின்ட்.
அதன் கீழே இன்னொரு பெயின்ட்.
கம்பெனிப் பூச்சு வெங்காயச் சருகு கனம்.
இது ஊத்தப்பம்.

"இந்த பம்பர் முன்னாடியே ஒருதரம் கழண்டிருக்கு, சார்."
"இல்லையே. ஒரு கீறல் பட்டதில்ல."
எடைச்சீட்டு கிழிக்கிற குரல்.

சாக்கின்மேல் பம்பரைக் கவிழ்த்தேன்.
உள்பக்கம் நீல மார்க்கரில்:
மாதேஸ்வரி மேடம், ஒசூர், சனி சாயந்திரம், அர்ஜென்ட்.
பெயின்ட் கடைகளில் அப்படித்தான் எழுதுவார்கள்,
ஒருத்தர் பம்பர் இன்னொருத்தருக்குப் போய்விடாமல்.

படித்தார். விரலை வைத்து மறுபடி படித்தார்.
"வீட்டுக்காரம்மா" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"அவளுக்கு வண்டி ஓட்ட வராது."

ஸ்பேனர் தட்டு கிலுகிலுத்தது.
தஸ்தகீர் வாயெடுத்தான்.
டீ வாங்கிவா என்று அனுப்பிவிட்டேன்.

புது சென்சார் கறுப்பாகத்தான் வரும்,
வெள்ளை அடிக்கணும், மெலிசா அடிக்கணும்,
காய ஒரு நாள் ஆகும் என்றேன்.
அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.
"சூளகிரி மேட்டுல எனக்கே கை உதறும்" என்றார்.
"முன்னாடி ஒரு கிரானைட் லாரி, பின்னாடி ஒரு கிரானைட் லாரி."
கைக்குட்டையால் காதைத் துடைத்தார்,
பம்பர் அழுக்கு ஒட்டியிருந்த காதை.
"ஒசூர்ல அவளுக்கு யாரு இருக்கா?"
என்னிடம் கேட்கவில்லை.

அப்புறம் எழுந்து,
"அடிக்க வேணாம்.
கறுப்பாவே மாட்டுங்க."

மாட்டினேன். வளையம் சொடுக்கென்று உட்கார்ந்தது.
சோதிக்க ஒரு சுவர் வேண்டும்; நானே நின்றேன்.
அவர் ரிவர்ஸ் எடுத்தார்.
ஒன்றரை மீட்டரில் நிதானம்,
ஒரு மீட்டரில் அவசரம்,
என் முழங்காலுக்கு ஒரு சாண் இருக்கையில் ஒரே நீளம்.
எனக்குப் பாதிதான் கேட்டது.
டீ கிளாஸோடு தஸ்தகீர் போட்ட கூச்சல்
முழுசாகக் கேட்டது.

காசு கொடுக்கும்போது,
வீட்டில் பின்பக்கமாகத்தான் உள்ளே விடுவேன் என்றார்.
கேட்டைத் திறப்பது அவங்கதானாம்.

பம்பருக்குள் இருந்த எழுத்தை
நான் அழிக்கவில்லை.
அழிக்கச் சொல்லவுமில்லை அவர்.